அமெரிக்கத் தேர்தல் கையேட்டில் நான் சரிபார்க்காத சொல்

புதிதாகச் செய்திப் பிரிவுக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

மைக்கில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருப்பது, செய்தியை எத்தனை நிமிடத்துக்குள் முடிப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்த ஸ்டூடியோவில் இருந்த பட்டன்களில் பாதி எதற்கென்று அறியாமலே காலத்தை ஓட்டியவன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். சில வருடங்கள் போய்விட்டன. இன்றைக்கும் மறக்கவில்லை.

என் பிழைப்பு ரெயிலில் டிக்கெட் சோதிக்கும் வேலை. கிழமையில் ஐந்து நாள் மற்றவர்களுக்குச் சட்டம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை மட்டும் லண்டன் மனோர் பார்க்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சின்னத் தமிழ் வானொலியில் உலக அரசியல் சொல்வேன். சம்பளம் கிடையாது, பெயர் உண்டு. கோயிலில் பிரசாதத்துக்கு வரிசையில் நின்றால் "அண்ணை, போன கிழமை நல்லாச் சொன்னனீங்கள்" என்று யாராவது முன்னால் விடுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன், ஏனென்றால் நடந்ததற்கு அதற்கும் பங்குண்டு.

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. நேயர்கள் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். கூடுதல் வாக்கு எடுத்தவர் எப்படித் தோற்கலாம்? செனட் என்றால் என்ன, காங்கிரஸ் என்றால் என்ன? நான் ஆறு கிழமைக்கு ஒரு தொடர் தொடங்கினேன். கூடவே ஒரு சிறு கையேடும் தயாரித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடிய மாதிரிச் செய்தேன். "அமெரிக்கத் தேர்தல்: அடிப்படைச் சொற்கள்" என்பது அதன் பெயர். மொத்தம் நாற்பது சொற்கள்.

என் முறை என்னவென்றால், அமெரிக்காவில் உள்ள ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் லண்டனில் எங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைப்பது. ஜனாதிபதியை மக்கள் நேராகத் தெரிவு செய்வதில்லை, ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று கணக்கிருக்கிறது, அவர்கள்தான் கடைசியில் வாக்களிப்பார்கள் என்று எழுதினேன். அதற்குக் கீழே, "நாங்கள் மட்டும் வாக்குச்சீட்டில் பிரதமருக்கா புள்ளடி போடுகிறோம்? எங்கள் தொகுதி எம்.பி.க்குத்தான்" என்று சேர்த்தேன். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தல், எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலங்கள், ஜனாதிபதி சட்டத்தை மறுக்கும் வீட்டோ, இரண்டு வருடத்துக்கொரு தடவை வரும் காங்கிரஸ் தேர்தல் எல்லாவற்றுக்கும் இப்படியே ஒரு உள்ளூர் உதாரணம். சனங்களுக்கு அது சட்டென்று பிடிபட்டது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

கஷ்டமான சொற்களை நான் விட்டுவைக்கவில்லை. தேர்வாளர் குழுவைப் பற்றி மூன்று புத்தகம் பார்த்தேன். செனட்டில் பேசிப் பேசியே ஒரு சட்டத்தை நிறுத்துவது எப்படி என்று அறிய நூலகத்தில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். நாற்பதில் முப்பத்தொன்பதை ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன்.

மிச்சமிருந்த ஒன்று "வாக்காளர்". அதில் சரிபார்க்க என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் வேண்டும். அகதியாக வந்து குரோய்டனில் குடிவரவுத் திணைக்களத்தின் அந்தப் பெரிய கட்டிடத்தில் வரிசையில் நின்று, வருடக்கணக்காகக் கடிதத்துக்குக் காத்திருந்து, கடைசியில் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. கிடைத்த சில மாதத்தில் உள்ளூராட்சிக் கவுன்சிலில் இருந்து ஒரு படிவம் வந்தது. வீட்டில் யார் யாருக்கு வாக்கு உண்டு என்று கேட்டிருந்தார்கள். பக்கத்து அறைக்காரர், "எங்களுக்கும் உண்டு, நிரப்பும்" என்றார். நாடு என்ற இடத்தில் சிறீலங்கா என்றே எழுதினேன். வாக்கு அட்டை வந்தது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் கிடைப்பதற்குப் பல வருடம் முதலே நான் இந்த நாட்டின் தேர்தலில் வாக்களித்தவன். இலங்கை, இந்தியா போன்ற பொதுநலவாய நாட்டுக் குடியுரிமையோடு இங்கே முறையாக இருப்பவர்களுக்கு அந்த உரிமை உண்டு. உங்கள் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், பலருக்கும் இதே கதைதான். எங்களை ஆளென்று மதித்து முதலில் கடிதம் போட்டது அந்தத் தேர்தல் பிரிவுதான். ஜனநாயக நாடென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துவிட்டேன்.

ஆகவே கையேட்டில் இப்படி எழுதினேன்: "வாக்காளர்: பதினெட்டு வயது நிரம்பி, நாட்டில் முறையான அனுமதியுடன் வசிப்பவர். இங்கே போலவே அங்கும் முன்கூட்டியே பதிய வேண்டும்." வானொலியில் அதை வாசித்தபோது ஒரு படி மேலே போய், "அமெரிக்காவில் இருக்கும் எங்கள் சொந்தங்களுக்கும் சொல்லுங்கள், பதியாமல் விட்டுவிட வேண்டாம்" என்றும் ஊக்கம் கொடுத்தேன்.

அமெரிக்காவில் குடியுரிமை உள்ளவர்கள்தான் ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கலாம். கிரீன் கார்ட் இருந்தாலும் கூடாது. குடிமகன் என்று சொல்லிப் பதிவதே குற்றம். வாக்கும் போட்டுவிட்டால் நாட்டை விட்டே அனுப்பலாம். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் எந்த இந்தியக் குடும்பத்தைக் கேட்டாலும் இதைச் சொல்லும். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

தொடரின் ஐந்தாவது கிழமை நேயர் நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிக் கட்டுப்பாட்டில் இருந்தது ஒரு திருச்சிக்காரப் பெண். வாரநாளில் வங்கியொன்றில் மென்பொருள் வேலை, சனிக்கிழமை எங்களோடு. என்னைவிட இருபது வயது இளையவள். நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணினாலும் என்னை "சார்" என்று கூப்பிடுவதை விடமாட்டாள். நிகழ்ச்சியில் என்ன பேசுகிறோம் என்பதை அவள் பெரும்பாலும் கேட்பதில்லை, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான் பார்ப்பாள். அமெரிக்கத் தொடரை அவள் ஒரு நாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை என்று பிறகு சொன்னாள்.

மூன்றாவது அழைப்பு நியூ ஜெர்சியில் இருந்து வந்தது. தன் பெயரையும் ஊரையும் சொன்னார். நான் இங்கே சொல்லமாட்டேன். தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.

"அண்ணை, இணையத்தில உங்கட நிகழ்ச்சியை ஒண்டும் விடாமக் கேக்கிறனான்."

"நல்லது தம்பி. சொல்லுங்கோ."

"லண்டனில, பிளேஸ்டோவில அக்கா இருக்கிறா. அவதான் உங்கட கையேட்டை அனுப்பினவ. எனக்குக் கிரீன் கார்ட் வந்து இப்ப மூண்டு வருசம். எனக்கு இந்த வாக்கு விசயமொண்டும் தெரியாது. உங்கட கையேட்டைப் பார்த்துத்தான் பதிஞ்சனான். வாக்குச்சீட்டும் தபாலில வந்து, புள்ளடி போட்டு அனுப்பியாச்சு. சீவியத்தில முதல் வாக்கு அண்ணை! உங்களுக்கு நன்றி சொல்லத்தான்…"

அவருடைய குரல் நின்றுபோனது. ஒரு பாட்டு எழும்பியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கை இன்னும் பட்டனில் இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு மனிதர் நன்றி சொல்லும்போது, அதுவும் எனக்கு நன்றி சொல்லும்போது, குறுக்கே வெட்டுவதா? ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, "என்ன பிள்ளை செய்தனீர்?" என்று கத்தினேன். கதவைத் திறந்து உள்ளே வந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"சார், அவர் கிரீன் கார்டுன்னு சொன்னாரே, கேட்டீங்களா?"

"ஓம். அதுக்கென்ன?"

"கிரீன் கார்டுல ஓட்டுப் போடக்கூடாது சார். டெக்சாஸ்ல எங்கக்கா பதினோரு வருஷமா இருக்கா. வேலை பாக்குற காலேஜ்ல யாராவது ஓட்டுப் பதிவு ஃபாரம் நீட்டினாக்கூட கையால தொடமாட்டா. போட்டா ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க சார். பேரு, ஊரு எல்லாம் சொல்லி, நான் ஓட்டுப் போட்டேன்னு ரேடியோல சொல்லிட்டிருக்காரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.  மேசையில் என் கையேடு திறந்து கிடந்தது. அதில் "வாக்காளர்" என்ற இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எழுத்துகள் அப்படியேதான் இருந்தன.

"ஆளை லைனில வச்சிருக்கிறீரோ?" என்று கேட்டேன்.

அவள் உதட்டைக் கடித்தாள். "ஹோல்டுல போட்டிருக்கணும். பதட்டத்துல மொத்தமா கட் பண்ணிட்டேன். நம்பரும் மறைச்சிருக்காரு சார், திருப்பிக் கூப்பிட முடியாது."

இதுதான் நிலைமை. நியூ ஜெர்சியில் ஒரு மனிதர் லைன் அறுந்துபோனது என்று நினைத்துக்கொண்டு இன்னும் எங்கள் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்களிடம் அவருடைய இலக்கம் இல்லை. அவரைப் போல இன்னும் எத்தனை பேர் என்றும் தெரியாது. அவர்களை எட்ட இருந்த ஒரே வழி என் முன்னால் இருந்த மைக். பாட்டு முடிய மூன்று நிமிடம் கிடந்தது.

அந்த மூன்று நிமிடத்தில் நான் யோசித்தது அவரைப் பற்றி என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். பொய் சொல்ல விருப்பமில்லை. கோயில் வரிசையைப் பற்றி யோசித்தேன். எங்களுக்குப் போட்டியாக இருந்த இன்னொரு வானொலிக்காரர் இதை வைத்து எத்தனை கிழமை சிரிப்பார் என்று யோசித்தேன். பாட்டு முடிந்ததும் மைக்கைத் திறந்து, செய்தி வாசிக்கும் குரலில் சொன்னேன்: "அன்பான நேயர்களே, அமெரிக்காவில் வாக்காளராகப் பதிவது தொடர்பான சட்ட விதிமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம். எனவே அங்கே வசிக்கும் நேயர்கள் உரிய இடங்களில் விசாரித்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது." சொல்லிவிட்டுப் பாட்டுப் போடச் சைகை காட்டினேன். கடமை முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் பாட்டைப் போட்டாள். போட்டுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும் உள்பேச்சு மைக்கை அழுத்தினாள்.

"சார், இது போதாது."

"ஏன் போதாது? விசாரியுங்கோ எண்டு சொல்லியாச்சுத்தானே?"

"அவர் விசாரிச்சுட்டாரு சார். உங்ககிட்டதான் விசாரிச்சாரு. நீங்க தப்பா சொன்னீங்கன்னு நீங்களே சொன்னாத்தான் அவருக்குப் புரியும்."

"அடுத்த கிழமை வடிவா எழுதி வாசிக்கிறன். இப்ப அவசரப்பட்டு…"

"அடுத்த வாரத்துக்குள்ள இன்னொருத்தர் ஓட்டை போஸ்ட் பண்ணிடுவாரு சார்."

கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. என்னுடைய நிகழ்ச்சி, என்னுடைய பெயர், இவள் யார் எனக்குச் சொல்ல என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தை நினைக்கத்தான் எனக்கு இப்போதும் வெட்கம். வேலையில் பிழை எல்லோருக்கும் வரும், அதை நான் எனக்கு மன்னித்துவிட்டேன். பிழை தெரிந்த பிறகும் அதற்கு ஒரு போர்வை தேடினேனே, அதைத்தான் மன்னிக்க ஏலவில்லை.

பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னேன். எழுதி வைக்கவில்லை. செய்தி வாசிக்கும் தமிழும் வாயில் வரவில்லை. வீட்டில் பேசுவது போலத்தான் வந்தது.

"நான் பிழையாச் சொன்னனான். கையேட்டில வாக்காளர் எண்டு நான் எழுதினது பிழை. அமெரிக்காவில சிட்டிசன்சிப் இல்லாத ஒருத்தரும் ஜனாதிபதித் தேர்தலில வாக்குப் போடக்கூடாது. கிரீன் கார்ட் இருந்தாலும் கூடாது. பதியவும் கூடாது. லண்டன் மாதிரித்தான் அங்கையும் எண்டு நான் நினைச்சுப் போட்டன், ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. என்ர பேச்சைக் கேட்டு ஆராவது பதிஞ்சிருந்தா இண்டைக்கே குடிவரவு வக்கீல் ஒருத்தரைப் பிடியுங்கோ. வாக்குச்சீட்டுக் கையில இருந்தா அனுப்பாதேங்கோ. இப்ப லைன் அறுந்த தம்பி, அக்காவுக்குப் போன் எடுங்கோ. ரேடியோவுக்கு எடுத்து இனி ஒண்டும் சொல்லாதேங்கோ."

அதையே மூன்று தடவை சொன்னேன். தொலைபேசி விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக எரியத் தொடங்கின. நேரலையில் எடுக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஹரோவில் இருந்து ஒரு அம்மா, "மருமோன் டெக்சாசில ஃபோம் நிரப்பி மேசையில வச்சிருக்கிறார், நான் இப்பவே சொல்லுறன்" என்று சொல்லி எங்கள் பதிலுக்கும் நிற்காமல் வைத்துவிட்டார். இன்னொருவர் நான் சொன்னதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னார், பிறகு "சரி" என்று வைத்தார். அவர் யார், அவருக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் குரலை இத்தனை பேர் இவ்வளவு நம்பிக் கேட்டிருக்கிறார்கள் என்பது பெருமைப்பட வேண்டிய விஷயம். அன்றைக்கு எனக்கு அது பயத்தைத்தான் தந்தது.

ஐந்தாவது விளக்கு பிளேஸ்டோ.

"அது என்ர தம்பி," என்றார் அந்த அக்கா. "நீங்கள்தானே பதியச் சொன்னனீங்கள்? அந்த ஃபோமில குடிமகனோ எண்டு ஒரு பெட்டி இருக்கு, என்ன செய்யிறதெண்டு என்னைக் கேட்டவன். உங்கட புத்தகத்தைப் பார்த்திட்டு, அது இஞ்சத்தைய மாதிரித்தானடா, போடு எண்டு நான்தான் சொன்னனான். இப்ப போன் எடுக்கிறானில்லை. மனிசியும் எடுக்கிறாளில்லை. அவனைத் திருப்பி அனுப்பினா எங்கை அனுப்புவாங்கள் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

தெரியும். நானும் அங்கிருந்து ஓடி வந்தவன்தானே.

"வீட்டு விலாசத்தைச் சொல்லுங்கோ, வாறன்" என்றேன். திருச்சிப் பெண் அதற்குள் இணையத்தில் இருந்த நிகழ்ச்சி ஒலிப்பதிவில் அவருடைய பெயரும் ஊரும் வரும் பகுதியை எடுத்துவிட்டாள். என் பிழையை எடுக்கவில்லை, அது அப்படியே இருக்கட்டும் என்று நானும் சொன்னேன். கையேட்டை இணையத்தில் இருந்து இறக்கினோம். பிறகு பஸ் எடுத்து பிளேஸ்டோவுக்குப் போனேன்.

என்னை ஏச வேண்டும் என்றுதான் அந்த அக்கா வரச் சொல்லியிருப்பார். கதவைத் திறந்தபோது ஏசும் தெம்பு அவரிடம் இல்லை. முன்னறையில் இருந்தோம். மேசையில் என் கையேடு, தாளில் அச்சடித்து, மூலை மடியாமல் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கொரு தடவை நியூ ஜெர்சிக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

"ஒண்டும் நடக்காது" என்று சொல்ல என் நாக்கு நுனிவரை வந்தது. ஆறுதல் சொல்வது எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். விழுங்கிவிட்டேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லித்தான் அந்த வீட்டில் அப்படி வந்து இருக்க நேர்ந்தது.

"எனக்குத் தெரியாது அக்கா. பிழை என்ர" என்று மட்டும் சொன்னேன். அவர் திரும்பவும் நியூ ஜெர்சிக்கு எடுத்தார். இரண்டு மணித்தியாலம் அப்படியே போனது.

போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நான் வாக்குப் போடேல்லை" என்றது தம்பியின் குரல். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

"என்னடா சொல்லுறாய்? அனுப்பியாச்சு எண்டு சொன்னனி?"

"தபால்பெட்டியில போடச் சொல்லி மனிசியிட்டைத்தானே குடுத்தனான். இவள் போடேல்லையாம். அவளின்ர கைப்பைக்குள்ளையே கிடக்கு. ஒட்டின கவர் ஒட்டினபடி."

அக்கா கதிரையில் இருந்து எழும்பி, திரும்ப இருந்தார்.  நடந்தது இதுதான். என் திருத்தத்தைக் கேட்டதும் தம்பி போனையும் வீட்டில் போட்டுவிட்டு வெளியே நடந்துவிட்டார். மனைவி தன் போனையும் மறந்து, காரை எடுத்துக்கொண்டு தேடிப் போயிருக்கிறாள். ஒரு பார்க்கில் கண்டுபிடித்து, பக்கத்தில் இருந்து, பையைத் திறந்து உறையை எடுத்து அவருடைய மடியில் வைத்திருக்கிறாள்.

அவசரப்பட்டு நீங்கள் நிம்மதி மூச்சு விட வேண்டாம். பதிந்தது பதிந்ததுதான். அவர்கள் பிடித்த வக்கீல் தலையில் கை வைத்தாராம். பதிவை உடனே நீக்கச் செய்து, நடந்ததை எழுத்தில் கொடுத்து, கூடவே எங்கள் கையேட்டையும் பிழை என்னுடையது என்று நான் எழுதிய கடிதத்தையும் இணைத்தார். வாக்கும் போட்டிருந்தால் தன்னால் பேச ஒன்றும் இருந்திருக்காது என்று சொன்னாராம். தம்பி இன்னும் நியூ ஜெர்சியில்தான் இருக்கிறார். பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள், அவர்களுக்குக் குடியுரிமை உண்டு. அவர் இன்னும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. நேர்முகத்தில், எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீரா என்ற கேள்வி வரும் என்ற பயம். நான் கொடுத்த பயம் அது.

அன்றைய மாலைக்கு வருகிறேன். "ரேடியோ அண்ணை அங்க நிக்கிறாராமே, குடுங்கோ" என்று அவருடைய மனைவி கேட்டாள். நான் போனருகே குனிந்தேன்.

"நீர் ஆளைக் காப்பாத்தினீர் பிள்ளை," என்றேன். "தெரிஞ்சும் ஏன் அவருக்கு அப்பவே சொல்லேல்லை?"

"சொன்னனான் அண்ணை. என்னோட வேலை செய்யிற பிலிப்பினோ பிள்ளையின்ர சொந்தக்காரருக்கு இப்பிடித்தான் கரைச்சல் வந்ததாம். இவருக்குச் சொன்னன். உங்கட புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். லண்டனில படிச்ச மனிசர் எழுதினதோ, நீ சாப்பாட்டு மேசையில கேட்ட கதையோ எண்டு கேட்டார். நான் என்ன சொல்ல? கவரைத் தாங்கோ போடுறன் எண்டு வாங்கிப் பையுக்குள்ள வச்சன். போட்டிட்டன் எண்டு பொய் சொன்னன்."

"நல்ல பொய்" என்றேன்.

"இல்லை அண்ணை, கேளுங்கோ. மூண்டு நாளா எனக்கு நித்திரை இல்லை. எனக்குத்தான் பிழையாத் தெரியுமோ எண்டு நினைக்கத் தொடங்கீட்டன். புத்தகத்தில இருக்கு, ரேடியோவில சொல்லீனம், நான் ஆர்? இண்டைக்கு இவர் ஊரறிய அனுப்பியாச்சு எண்டு சொன்னாப் பிறகு, திங்கக்கிழமை வேலைக்குப் போகேக்க போட்டிடுவம் எண்டு முடிவெடுத்திட்டன். முதல் நீங்கள் என்னவோ விதிமுறை, விசாரியுங்கோ எண்டு வாசிச்சீங்கள். அது எங்களுக்கில்லை எண்டு இவர் சொன்னார். நானும் அப்பிடித்தான் நினைச்சன்."

பிளேஸ்டோவில் அந்த முன்னறையில், அக்கா கொடுத்த தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். நான் முதலில் சொன்னதோடு அன்றைய நிகழ்ச்சியை முடித்திருந்தால், திங்கட்கிழமை காலை அவள் அந்த உறையைப் பெட்டியில் போட்டிருப்பாள்.